ஒப்பிட ஒரு நல்ல மூளை

குழாய் போன்ற அந்த இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருந்த குல்யாஷ், மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கடவுளுக்கு. இந்த அல்மாட்டி நகரத்து ஆஸ்பத்திரிக்கு. இந்த வயதிலும் பழுதில்லாமல் இருக்கும் தன் தலைக்கு.

அவள் புருஷன், கிழவர் ஒரின்பாசருக்குத்தான் கொஞ்ச காலமாக மறதி. அடுப்பில் வைத்த பாலைக் கரிய விடுகிறார். வீட்டுச் சாவியை மாவு டப்பாவுக்குள் போடுகிறார். ஒவ்வொரு முறையும் "நான்தான் வச்சேன், மறந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அவளும் வாய் வலிக்கத் திட்டித் தீர்ப்பாள்.

மூளையில் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு இணைக்கும் வெள்ளை இழைகள் தேய்ந்துபோனால் இப்படி ஆகுமாம். அதைத்தான் இங்கே படம் எடுத்து ஆராய்கிறார்கள். அவருடைய படத்தை நேற்றே எடுத்தாகிவிட்டதாம். ஒப்பிட்டுப் பார்க்க, கிட்டத்தட்ட அதே வயதில், நோயில்லாத ஆள் ஒருத்தர் வேண்டும்.

"உன்னவிட நல்ல மூளைக்கு நான் எங்க போவேன், கிழவி?" என்றார் ஒரின்பாசர்.

அதற்காகத்தான் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள். மோதிரமில்லாத கையால் பிசைந்த மாவை, சுத்தமில்லை என்று அவர்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அவருக்கு உதவுமென்றால் அவள் விரலையே கழற்றித் தந்திருப்பாள்.

இரைச்சல் நின்றது. படுக்கை வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்தவளுக்குத் தலை சுற்றியது.

கதவு திறந்ததும், வெளியே காத்திருந்த ஒரின்பாசர் "அடியே, மெதுவா!" என்று ஓடி வந்தார்.

இயந்திரத்தை இயக்கும் சௌலே பாய்ந்து அவரைக் குறுக்கே மறித்தாள்.

"ஐயா, நில்லுங்க! நெஞ்சுல பேஸ்மேக்கர வச்சுக்கிட்டு உள்ள கால் வைக்கலாமா? அம்மாம் பெரிய காந்தம்யா அது! உங்கள மாதிரி ஆளுங்க எப்பவுமே இந்த வாசலத் தாண்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

பேஸ்மேக்கரா?

குல்யாஷ் அவர் நெஞ்சைப் பார்த்தாள். எப்போது வைத்தார்கள்? எந்த ஆஸ்பத்திரியில்? அப்போது பக்கத்தில் யார் இருந்தது? அவளைத் தவிர வேறு யார் இருந்திருக்க முடியும்? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இந்த அறைக்குள் கால் வைக்கவே கூடாத மனிதரை நேற்று எப்படிப் படம் எடுத்திருப்பார்கள்?



வாசலில் அவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல முழித்துக்கொண்டு நின்றார். பாவி மனுஷன், தான் செய்யாத தப்புக்கெல்லாம் எத்தனை நாள் திட்டு வாங்கியிருக்கிறார். பயத்தையும் மீறிக்கொண்டு அவளுக்குள் நன்றி பொங்கி வந்தது.

மெல்ல இறங்கி அவரிடம் போனாள்.

"வா கிழவா, போலாம். இனிமே நீ எத மறந்தாலும் உன்னத் திட்ட மாட்டேன்."

"திட்டு, திட்டு. நீ திட்டலேன்னா எனக்குச் சாப்பாடே இறங்காது" என்றார், தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு.

அந்த நிம்மதியை அவள் கெடுக்கவில்லை.