புதுக் காதுக்கு ஒரு குரல்

பள்ளிபாளையத்து விசைத்தறிச் சத்தம் கனகராசுவின் உள்காதிலிருந்த நுண்மயிர்களை முப்பது வருடத்தில் அழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து செலுத்தி அவற்றை மறுபடி முளைக்க வைத்தார்கள். முளைக்கும் இருபது நாளும் யார் அருகிலிருந்து பேசுகிறார்களோ, அவர் குரலுக்கே காது நன்றாகப் பழகும்.

மனைவி மரகதம் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து வீட்டுக்கதை, ஊர்க்கதை எல்லாம் சொன்னாள். ஆனால் பதினெட்டாம் நாள், ஜன்னலைப் பார்த்து நின்ற கனகராசு, நர்ஸ் ஸ்டெல்லா "ஐயா" என்றதும் திரும்பிச் சிரித்தார். மரகதம் கூப்பிட்டபோது திரும்பவே இல்லை.

மரகதத்துக்கு வயிறு எரிந்தது. "என்ற புருசனுக்கு உன்ற குரல்தான் இனிக்குதா?" என்று ஸ்டெல்லாவிடம் வெடித்தாள்.

ஸ்டெல்லா கோபப்படவில்லை. "அக்கா, அவர்கிட்டப் பேசறப்ப உங்க உதடு மட்டுந்தான் அசையுது. சத்தமே வர்றதில்ல."

மரகதம் திகைத்தாள். தறிக்கூடத்து இரைச்சலில் இருவரும் உதட்டசைவிலேயே பேசி வாழ்ந்தவர்கள். அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்திருந்தது.

"கடவுள் புண்ணியத்துல இன்னும் ரெண்டு நாள் இருக்குக்கா. அதுவரைக்கும் அவர் பக்கத்துல நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லி ஸ்டெல்லா ஒதுங்கி நின்றாள்.

கனகராசு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவர் முதுகைப் பார்த்ததும் மரகதத்துக்கு ஆற்றாமை பொங்கியது.

"ஏனுங்க! அவ கூப்பிட்டாத்தான் திரும்புவீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. கடைசியாகக் கனகராசுவும் திரும்பினார்.

"மெதுவாப் பேசு புள்ள" என்றார். "எனக்குத்தான் காது கேக்குதல்ல."