குப்பியா, வாளா?

"ஒரே முறையில ரெண்டும் பண்ணலாம். விதிப் புத்தகத்துல போட்டிருக்கு" என்றான் வெண்டல்.

புத்தகத்தில் என்னதான் போடவில்லை. வெண்டல் கைக்கு வந்துவிட்டால் அதில் எல்லாமே போட்டிருக்கும்.

மேஜைமேல் பிளாஸ்டிக் டிராகன் சாகிற நிலையில் நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் நோரீனின் வைத்தியச்சி பொம்மை குப்புறக் கிடந்தது. வைத்தியச்சியை இயக்குகிறவள் நோரீன். வாள்வீரனை இயக்குகிறவன் அவள் புருஷன் வெண்டல்.

டுலூத்தில் ஜனவரி மாதச் சனிக்கிழமை மத்தியானம் மனுஷனுக்கு வேறு என்ன வேலை? வெளியே முழங்கால் வரை பனி. வெண்டல் வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் நாலு பேர், ஒரு கூடை சிப்ஸ், பை நிறையப் பகடைகள். ஆட்டத்தை நடத்துகிறவன் நான். டிராகனும் நான்தான், புயலும் நான்தான், தீர்ப்பு சொல்கிறவனும் நான்தான். அந்தக் கடைசிப் பதவியை மட்டும் வெண்டல் என்றைக்கோ பிடுங்கிக்கொண்டுவிட்டான்.

விஷயம் ரொம்பச் சின்னது. தன் முறை வந்தால் ஒருவர் ஒரு காரியம்தான் செய்யலாம். வெண்டல் டிராகனை வெட்டலாம். இல்லை, இடுப்பில் இருக்கிற மருந்துக் குப்பியை எடுத்து நோரீன் வாயில் ஊற்றலாம். டிராகன் இன்னும் ஒரு வெட்டுக்குத்தான் தாங்கும்.

நோரீன் நிலைமையும் அதேதான். விழுந்து கிடக்கிறவர் தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்துக்குக் கீழே மூன்று தடவை விழுந்தால் கதை முடிந்தது. அவளுக்கு இரண்டு விழுந்தாயிற்று.

"குப்பியத் திறக்கிறது தனிக் காரியமே இல்ல. கையில இருக்கிற பொருளைத் தொடுறது. அது இலவசம்" என்றான் வெண்டல்.

"அது கதவு திறக்கிறதுக்கு எழுதின விதிடா" என்றேன்.

"குப்பிக்கு மூடி கதவு மாதிரிதானே?"

இதற்குப் பதில் சொல்ல வக்கீலால்தான் முடியும். எங்களில் யாரும் வக்கீல் இல்லை. வெண்டலும் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"டேய், அது உன் பொண்டாட்டிடா. ஊத்தித் தொலையேன்" என்றான் ஹாங்க். ஆட்டத்தில் அவன் திருடன். அவனுக்கே பொறுக்கவில்லை.

நோரீன் முதலில் கேட்டது வில்லாளி வேஷம். யாராவது வைத்தியம் பார்க்க வேண்டாமா என்று வெண்டல்தான் வைத்தியச்சியை அவள் தலையில் கட்டினான். அன்றிலிருந்து அவள் ஒரு எலியைக்கூட அடித்ததில்லை. தன் முறை வந்தால் வெண்டலைத் தூக்கி நிறுத்துவாள். அவன் போய் இன்னொரு டிராகன் வாயில் தலையைக் கொடுப்பான். மறுபடி தூக்கி நிறுத்துவாள்.

இப்போது அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிராகனும் வேண்டாம், விதியும் வேண்டாம். இவன் குப்பியை எடுப்பானா மாட்டானா, அதைத் தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணுதான். சொல்லு" என்றேன்.

வெண்டல் கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். "பத்தோ அதுக்கு மேலயோ விழ பாதிக்கு மேல சான்ஸ் இருக்கு. தாங்குவா" என்றான். பகடையை எடுத்தான். "வெட்டுறேன்."

வெட்டினான். டிராகன் செத்தது. வெண்டல் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். மானங்கெட்ட ஹாங்கும் சேர்ந்து கைதட்டினான்.

நோரீன் முறை. அவள் பகடையை உருட்டியதை அவர்கள் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை. அது என் கையருகே வந்து நின்றது.

இருபது.

இருபது விழுந்தால் விழுந்து கிடப்பவர் அந்த இடத்திலேயே எழுந்து நிற்கலாம். குப்பியும் வேண்டாம், புருஷனும் வேண்டாம். கத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். நோரீன் பகடைமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"ஒண்ணு" என்றாள்.

வெண்டல் கையைக் கீழே இறக்கினான். "நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டான். ஆட்டம் நடத்துகிறவன் பார்த்தால்தான் செல்லும். அதுவும் விதி.

பகடை விஷயத்தில் இதுவரை நான் பொய் சொன்னதில்லை. ஹாங்க் ஆட்டத்தில் தன் குதிரை செத்ததற்குத் தேம்பி அழுதானே, அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை. நோரீன் என்னைப் பார்த்தாள். கெஞ்சவெல்லாம் இல்லை. சும்மா பார்த்தாள்.

"ஒண்ணுதான்" என்றேன்.

"அப்ப செத்தா" என்றான் வெண்டல். எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான், பாவி.

நோரீன் பகடையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியேறினாள்.

"வரும்போது அடுப்புல வேகிற ஹாட்டிஷ் சட்டியை எடுத்துட்டு வா" என்று அவன் கீழேயிருந்து குரல் கொடுத்தான். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, "ஏம்ப்பா இப்படி உக்காந்திருக்கீங்க? செத்தவங்களை எழுப்ப மந்திரம் இருக்கு" என்று புத்தகத்தைப் பிரித்தான். விரலை ஓட்டிப் படித்தான். "வைரம் ஒண்ணு வேணும், அது நம்மகிட்ட இருக்கு. அப்புறம் செத்தவங்களுக்குத் திரும்பி வர இஷ்டம் இருக்கணுமாம்."

சிரித்தான். "இதெல்லாம் சும்மா பேருக்கு எழுதியிருக்கான்."

தலைக்கு மேலே கார் நிறுத்தும் கராஜின் கதவு உருண்டு திறக்கும் சத்தம் கேட்டது.

"நம்ம கதவு மாதிரி இருக்கே" என்றான் வெண்டல், அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.