ஒட்டடைக் கம்பும் முன்னூறு பெட்டிகளும்

புரொஜெக்டர் வெளிச்சத்தில் மாதங்கியின் வீராங்கனை கம்பு சுழற்றுகிறாள். எதிரியை வீழ்த்தினால் மட்டும் போதாது, அழகாக வீழ்த்த வேண்டும். ஒரே அடியைத் திரும்ப அடித்தால் மதிப்பெண் பாதியாகிவிடும். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு மொட்டைமாடியில் ஆறு மாதம் ஒட்டடைக் கம்பைச் சுழற்றிச் சுழற்றி மாதங்கி உருவாக்கிய வீடியோ கேம் இது. ஸ்பீக்கர் ஃபோனில், கம்பெனிக்கு வேலை கொடுக்கும் லண்டன்காரர் "பிரமாதம்" என்கிறார். சண்டையை எங்கள் ஆட்களே செய்துகொள்வார்கள், நீங்கள் வழக்கம்போல கேமில் அடுக்கிவைக்கும் மரப்பெட்டிகளை வரைந்து அனுப்புங்கள் என்கிறார். மேனேஜர் ஸ்ரீனிவாசன் ஃபோனைப் பார்த்தே தலையை ஆட்டி ஆட்டி நன்றி சொல்கிறார். லைன் துண்டிக்கப்படுகிறது.

"பாத்தியா மாதங்கி, நம்ம ஐடியா அவாளுக்குப் பிடிச்சுப் போச்சு! வெள்ளிக்கிழமைக்குள்ள முன்னூறு பெட்டி."

"அப்போ சண்டை, சார்?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? பெட்டிதானே சோறு போடறது."

அவர் ஸ்விட்சை அணைக்கிறார். ஓங்கிய கம்போடு வீராங்கனை மறைய, சுவரில் பழைய ஈரக்கறை மட்டும் தெரிகிறது. மாதங்கி தன் கம்ப்யூட்டருக்குத் திரும்பி முதல் பெட்டிக்கு நான்கு ஆணிகள் வரைகிறாள். இரண்டாவது பெட்டிக்கும் அதே நான்கு ஆணிகள், அதே இடத்தில். அவளுடைய கம்பு, யாரோ ஒருவர் பெயரில் சுழன்று, இவற்றைத்தான் அழகாக உடைக்கப்போகிறது.