மெத்தை போட்ட கேமரா

“மெத்துன்னு இருக்கணும்ணா. இடிச்சாலும் இடிச்ச மாதிரியே தெரியக் கூடாது. அப்படி ஏதாவது இருக்கா?”

கேட்டுக்கொண்டே, கழுத்தில் தொங்கிய டிஜிட்டல் கேமராவைக் கழற்றிக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள் அந்தப் பெண். கறுப்பாக, கனமாக, பெரிய மூக்கோடு இருந்தது கேமரா. பேருந்தைவிட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாள் போல. மூச்சு வாங்கியது.

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேமராவுக்குப் பையும் உறையும் விற்கக் கடை போட்ட நாளிலிருந்து, கீழே போட்டு உடைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். உடைவதற்கு முன்பே வந்து நிற்கிற ஆள் இவள்தான்.

“மாப்ள! வெளிய வந்து இந்தப் பொண்ணைப் பாரு. பொறுப்புன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ.”

உள்ளறையில் ஒரு கேமராவைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் நிமிரவில்லை.

“நீங்க பாட்டுக்கு எல்லாருக்கும் மெத்தை போட்டு அனுப்புங்க மாமா. நான் இங்க உட்கார்ந்து ஈ ஓட்டறேன்.”

“அவன் கிடக்கிறான். நீ சொல்லும்மா. அடிக்கடி இடிக்குதா?”

“தினமும் இடிக்குதுண்ணா. நேத்து காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இன்னிக்கும் இடிச்சா நாளையிலேர்ந்து வர வேண்டாம்னு மேடம் கறாரா சொல்லிட்டாங்க. எவ்வளவு ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை தெரியுமா? இப்போ நேரா அங்கதான் போகணும்.”

சொல்லிக்கொண்டே கேமராவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அலுவலகக் கேமரா போலிருக்கிறது, கறாரான முதலாளியம்மாவிடம் இந்தப் பெண் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார்.

“இந்தா, இதைப் பாரு. கெட்டிப் பெட்டி. மாடியிலேர்ந்து விழுந்தாலும் உள்ள ஒண்ணும் ஆகாது.”

அவள் விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். “அய்யய்யோ, பாறாங்கல்லு மாதிரி இருக்கு. வேண்டாம்ணா.”

“லென்சுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி போட்டுடலாமா? கீறல் விழாது.”

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்ணா.”

“சரி, வாரைச் சுருக்கிக் கட்டிடறேன். இவ்வளவு ஆடாது.”

“நிக்கும்போது ஆடாதுண்ணா. என் வேலையே குனியறதுதான். குனிஞ்சா போதும், ஊஞ்சல் மாதிரி முன்னாடி பாயுது.”

அடுத்து சிலிக்கான் உறையை எடுத்துப் போட்டார். அவள் அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள்.

“இது பரவாயில்ல. ஆனா இன்னும் தடிமனா வேணும்.”

கடைக்காரர் உருகிப்போனார். “பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்க மாட்டாங்கடா மாப்ள!”

“நான் வேணா தாலாட்டுப் பாடட்டுமா மாமா?”

வேண்டியது கடையில் இல்லை என்று ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. பைகளுக்கு உள்ளே வைக்கிற ஸ்பாஞ்சைச் சுருளோடு இழுத்துப் போட்டார். கத்தரித்தார், ஒட்டினார். பின்பக்கத் திரைக்கும் பட்டன்களுக்கும் மட்டும் இடம்விட்டு, சிலிக்கான் மேல் இரண்டு அடுக்கு ஏற்றினார். லென்ஸ் மூக்கின் விளிம்புக்கு ரப்பர் வளையம். எல்லாவற்றுக்கும் மேலே மிருதுவான துணி.

“இந்த வளையத்தை விட்டுட்டீங்களே” என்று வார் கோத்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“அது இரும்பும்மா. எங்க இடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“அதுக்கும் சுத்திடுங்கண்ணா, ப்ளீஸ்.”

சுற்றினார்.

“துணியைக் கழற்றித் துவைக்கலாமா?”

“தாராளமா துவை.”

வேலை முடிந்தபோது அது கேமரா மாதிரியே இல்லை. குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு ஒற்றைக் கண்ணால் முழிக்கிற கரடிக்குட்டி மாதிரி இருந்தது. இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டு மச்சினனும் கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டான்.

“பிரமாதம் மாமா, ஒரு தொப்பியும் வெச்சுடுங்க. இந்தாம்மா, கேமராவை இப்படிக் கொடு. தினமும் இடி வாங்கியிருக்குன்னா உள்ள ஏதாவது கழண்டிருக்கும். ஒரு பார்வை பார்த்துடறேன்.”

“அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலண்ணா” என்றபடி அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கடைக்காரரைப் பார்த்தாள். “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி வந்து, இந்த முக்காலியில உட்கார்றீங்களா?”

எதற்கென்று புரியாமல் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவள் எதையோ எடுக்கப்போவதைப் போலச் சட்டென்று குனிந்தாள். கேமரா முன்னால் பாய்ந்து அவருடைய நெற்றியில் பொத்தென்று மோதித் திரும்பியது.

“வலிச்சுதாண்ணா?”

“இல்லையே... தலையணை பட்ட மாதிரி இருக்கு. ஏம்மா?”

“அப்பாடா!” முகமெல்லாம் சிரிப்பாகப் பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடினாள். “பாலர் பள்ளியில தினமும் பசங்களைப் போட்டோ எடுக்கிற வேலைண்ணா. நான் குனியறப்பெல்லாம் ஏதாவது ஒரு வாண்டு நெத்தி வீங்கிடுது. கேமராவுக்கு இதுவரைக்கும் ஒரு கீறல்கூட இல்ல!”