ராயகிரியிலிருந்து காணாமற்போனவர்கள்

குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்தில், காணாமற்போனவர்களைப் பதிந்து மைக்கில் அழைக்கும் அறை ஒன்று உண்டு, மக்களே. அங்கே கம்ப்யூட்டரில் பதிவது ரூபி ஒருத்திதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஆடி அமாவாசையன்று குளிக்கப் போன கணவன் திரும்பவில்லை என்று, ராயகிரி கோமதியம்மாள் வருடந்தோறும் அதே நாளில் காய்ந்த துண்டோடு வந்துவிடுவாள். கணவன் பெயரை, சுடலைமாடன் என்று முழுதாக, ரூபி அடிப்பாள். அவன் தொலைந்த அன்று கோமதி கொடுத்த புகார் மட்டும் வரும்.

இந்த வருடம் கோமதி கேட்டாள்: “அவுக பேரை மட்டுமே தேடுதியே தாயி, கொஞ்சம் விரிச்சுத் தேட முடியாதா?”

“முடியும் ஆச்சி. பேருக்குப் பதிலா இந்த நட்சத்திரக் குறியைப் போட்டா, எந்தப் பேரா இருந்தாலும் வந்துரும்.”

ஊரை மட்டும் ராயகிரி என்று வைத்து ரூபி தேடினாள்.

பத்து வரிகள் வந்தன. முதல் வரி சுடலைமாடன். மற்ற ஒன்பதிலும் காணாமற்போனவர் கோமதியம்மாள். தேடி வந்தவர், கணவர் சுடலைமாடன். அடுத்தடுத்த ஆடி அமாவாசைகளுக்கு ஒவ்வொன்று. ஒன்றைக்கூட ரூபி பதிந்ததில்லை. கடைசி வரியின் நேரம் இன்று காலை பத்தேகால். சுவர்க்கடிகாரத்தில் மணி பத்து இருபது.

ரூபி மெதுவாக வாசித்துக் காட்டினாள். கோமதி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்போ தொலைஞ்சது நானாக்கும்,” என்றாள். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். “மைக்கில சொல்லு தாயி. நான் இங்கனதான் இருக்கேன்னு சொல்லு.”

ரூபி சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை பேரருவி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.