முயலின் தையல்

மகள் ரோஸ்லினை அடக்கம் செய்த மறுவாரமும் டாக்டரின் வீடியோ அழைப்பு வழக்கம்போல வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு சேர்த்த குழந்தை போய்விட்டாள் என்பதை, நகரத்தில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எடுத்துச் சொல்லிரு, ஜெசி" என்றான் கணவன். சொல்லத்தான் ஜெசிந்தா எடுத்தாள்.

"என்னம்மா, மொத பேஷன்ட் ரெடியா?" டாக்டர் சிரித்தார்.

அவர் கேட்டது மகளின் துணி முயலை. தனக்கு இருப்பதுபோல் அதன் வயிற்றிலும் தையல் வேண்டுமென்று ஆபரேஷன் முடிந்து வந்ததும் ரோஸ்லின் அடம்பிடித்திருந்தாள். கறுப்பு நூலில் ஜெசிந்தாதான் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் முயலைப் பார்த்த பிறகுதான் மகள் தன் சட்டையைத் தூக்குவாள். இப்போதும் கை தானாகவே முயலைத் திரைக்கு முன் தூக்கிப் பிடித்தது.

"அடடே, முயலாருக்கு நல்லா ஆறிடுச்சே! இன்னைக்கே தையலப் பிரிச்சிடலாம். எங்க நம்ம பெரிய மனுஷி, ஒளிஞ்சிக்கிட்டாங்களா?"

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணியை அன்றைக்கு வெட்டித் தைத்தோமா, சும்மா மேலாகத்தான் தைத்தோமா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. கேட்கலாமென்றால் பக்கத்திலிருந்து பார்த்த மகளும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். முதல் முடிச்சின் கீழே கத்தரியின் முனையை நுழைத்தாள். திரையில் டாக்டரின் சிரிப்பு மெல்ல நின்றுபோயிருந்தது.

"பிரிச்சா தெறந்துக்காதுல்ல, டாக்டர்?" என்று கேட்டாள்.