றொஷினியின் கரம் மேசை

"கரம் விளையாட மேசையோ? ஆர் பிள்ளை உனக்கு இந்த யோசனை தந்தது?"

அன்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. நோத்ர-டாம்-த-கிரேஸ் அபார்ட்மென்டில் ஞாயிறுதோறும் பாய் விரித்து, கரம் போர்டை நடுவில் வைத்து, நிலத்தில் சப்பாணி கட்டியிருந்துதான் அவர் கரம் விளையாடுவார். அவருக்கு அதுதான் முறை.

மகள் றொஷினி பள்ளிக்கூடத்துத் தச்சு வகுப்பில் செய்த மேசை அது. மற்றப் பிள்ளைகள் செஸ் மேசை செய்ய, இவள் கரம் மேசை செய்திருந்தாள். நல்ல மேப்பிள் மரம். ஆணி ஒன்றுகூட இல்லை. காலும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி நின்றன. காயைத் தட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. பொய் சொல்லக் கூடாது, அருமையான வேலை.

"வேலை திறம்தான்," என்று அன்டனும் ஒத்துக்கொண்டார். "ஆனா கீழ ஒரு பக்கம் குறுக்குச் சட்டத்தைக் காணேல்லை. மறந்திட்டியோ?"

"இல்லையப்பா. இண்டைக்குப் பத்தி மாமாவும் விளையாட வாறார். நான்தான் கூப்பிட்டனான்."

"அவனையோ!"

பத்திநாதர் அவருடைய பழைய கூட்டாளி. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் வீடு வாங்கிப் போன பிறகு இந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. கரம் விளையாடக் கூப்பிட்டால், "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போடுவார். கடைசியில் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போயிற்று.

"வீடு வாங்கினதும் தலைக்கனம். சேர்ச்சுப் பூசையில உனக்குக் காட்டினனான்தானே? எல்லாரும் முழந்தாளில நிக்க, அவன் மட்டும் துரை மாதிரி வாங்குப் பலகையில இருக்கிறான். கடவுளுக்கே மடங்காதவன் எனக்கு மடங்குவானோ?"

மணி அடித்தது.

பத்திநாதர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மேசையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. சட்டம் இல்லாத பக்கம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மேசைக்குக் கீழே நேராக நீட்டினார். அந்தக் கால் மடங்கவேயில்லை.

அன்டனுக்குத் திக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது.

"நிலத்தில இருந்தா என்னை ஆரும் தூக்கித்தான் எழுப்போணும், அன்டன். அதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்." பத்திநாதருக்குக் கண் கலங்கியது. றொஷினியின் பக்கம் திரும்பினார். "ஒருத்தருக்கும் சொல்லேல்லையே பிள்ளை. உனக்கு எப்பிடித் தெரியும்?"

றொஷினி காய்களை நடுவில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அப்பாவாலதான் மாமா. பூசையில நீங்கள் முழந்தாளில நிக்கேல்லை எண்டு முதல்ல கவனிச்சது அவர்தான்."